சலங்கைக்குப் பிந்தி வந்த சத்தம்

போன சனிக்கிழமை யாழ்ப்பாண நகரில் ஒரு மண்டபத்தில் பார்த்த நடன நிகழ்ச்சி இது. ஆடுபவரின் அசைவைக் கமரா பார்க்கும், கொம்பியூட்டர் அந்தக் கணமே அதற்கேற்ற சத்தத்தையும் படத்தையும் உண்டாக்கும் என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். ரிக்கற் 1000 ரூபாய். முக்கால் மணித்தியாலம் பிந்தித் தொடங்கியதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், இங்கே எது நேரத்துக்குத் தொடங்குகிறது!

புழுக்கம்தான் தாங்க முடியவில்லை. அது அகச்சிவப்பு ஒளியால் தூரம் அளக்கிற கமரா, வெயில் பட்டால் குழம்பும் என்று யன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. ஃபான் போட்டால் பின்னால் கட்டிய வெள்ளைத் திரை ஆடும் என்று அதுவும் இல்லை. அறிவிப்பாளர் வேறு "உலகிலேயே முதல் முறை" என்றார். 1965இலேயே நியூயோர்க்கில் நடன அமைப்பாளர் மேர்ஸ் கன்னிங்ஹாமின் ஆட்டக்காரர்கள் மேடையில் நட்ட கம்பிகளுக்குக் கிட்டப் போகப் போக இசையமைப்பாளர் ஜோன் கேஜின் ஒலிகள் மாறின, அந்தக் கம்பிகளைச் செய்து கொடுத்தவர் சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியால் புகழ்பெற்ற ரொபேர்ட் மூக். சரி, யாழ்ப்பாணத்தில் முதல் முறை என்றிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

முதலில் ஆடிய, கடலைப் பற்றிய உருப்படி அருமை. சலங்கை இல்லை, சாதாரண பருத்திப் பயிற்சிச் சேலை. வலது கை மெல்ல மேலே போக அலைச் சத்தம் ஏறுகிறது, கை நின்ற இடத்தில் அதுவும் நிற்கிறது, பிறகு அந்தப் பிள்ளை தோளை மட்டும் ஒருக்கால் தளர்த்த, திரையில் நுரை கரைந்து போகிறது. மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்து சலங்கை கட்டி ஜதிக்கு ஆடினார்கள், ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்பீக்கரில் ஒரு 'டும்' வர வேண்டும். வந்தது, ஆனால் பிந்தி. முதலாம் காலத்தில், அதாவது மெதுவாக ஆடும்போது தெரியவில்லை, வேகமான மூன்றாம் காலத்தில் ஒரு தாளத் தட்டுக்குள் ஜதியின் நாலு சொல் போகும்போது, கால் அடுத்த சொல்லுக்குப் போன பிறகுதான் முந்தின சொல்லின் 'டும்' வருகிறது. தாளம் தட்டி ஜதி சொல்லி நட்டுவாங்கம் செய்தவரின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மா என் காதுக்குள், "ஏன் பிள்ளை, சலங்கை போதாதா?" என்றார்.

முடிந்த பிறகு மடிக்கணினியோடு இருந்த பெடியனிடம் கேட்டேன். மைக்ரோசொப்ட் 2010இல் வீடியோ கேமுக்காக விட்ட கினெக்ட் என்ற கமராதானாம், அதுவும் பழையது. நொடிக்கு 30 படம் எடுக்கும், அதைக் கணக்குப் போட்டுச் சத்தமாக்க இன்னும் கொஞ்ச நேரம் போகும். அதைவிட முக்கியம், உடம்பில் 20 புள்ளிகளைத்தான் அது பிடிக்கும், விரல் அதில் இல்லை. விரல்களைச் சேர்த்து நீட்டுகிற பதாக முத்திரையும் தாமரை போல விரிக்கிற அலபத்மமும் அதற்கு ஒன்றுதான்! முத்திரையும் ஜதியும் பார்த்து வளர்ந்த சனத்துக்கு முன்னால், முத்திரை தெரியாத, ஜதிக்குப் பிந்துகிற ஒன்றைக் கொண்டுவந்து, அதற்குத் தோதான கடலுக்குப் பத்து நிமிடமும் தோதில்லாத ஜதிக்கு அரை மணித்தியாலமும் கொடுத்திருக்கிறார்கள்.

பெடியன் மட்டும் கெட்டிக்காரன். சனம் கலைந்த பிறகும் கமராவை நிறுத்தாமல் சின்னப் பிள்ளைகளை மேடையில் விட்டான். ஒரு வாண்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓட, மண்டபம் முழுக்க அலை அடித்தது. தாய் வந்து இழுத்துக்கொண்டு போகும் வரைக்கும் அவன் இறங்கவில்லை.

திரும்பப் போட்டால் போங்கள், நடு வரிசைக்குப் பின்னால் கதிரை பிடியுங்கள், முன்னுக்கு ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும். ஒரு விசிறியும் தண்ணீர்ப் போத்தலும் மறக்க வேண்டாம்.