துப்பாக்கி தானாக வெடித்தால் யார் பொறுப்பு? அமெரிக்கச் சட்டமும் நம் நுகர்வோர் சட்டமும்

பாவநாசம், களக்காடு மலையடிவாரத்தில் உரிமம் வாங்கித் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். வரப்பில் கால் வழுக்கி அது கீழே விழுகிறது, விசையை யாரும் தொடாமலே வெடிக்கிறது என்று வையுங்கள். ஊர் அவரைத்தான் ஏசும். செய்து விற்ற கம்பெனியிடம் ஒரு கேள்வி போகாது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அமெரிக்காவில் 2005இல் வந்த சட்டம் ஒன்று, துப்பாக்கியால் நடக்கும் குற்றங்களுக்காகத் தயாரிப்பாளர்மேல் வழக்குப் போடுவதைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. வடிவமைப்புக் கோளாறுக்கு மட்டும் ஒரு சந்து விட்டிருக்கிறது. ஆனால் சுட்டவர் செய்தது குற்றச் செயல் என்றாகிவிட்டால் அந்தச் சந்தும் அடைபடும். சிகாகோ பகுதியில் 13 வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் பெரெட்டா கைத்துப்பாக்கியில் மேகசினை, அதாவது தோட்டா அடைக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு, காலி என்று நினைத்து விசையை இழுத்தான். குழலுக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருந்தது, நண்பன் இறந்தான். மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி ஒரு பூட்டு வைத்திருக்கலாமே என்று குடும்பம் கேட்டது. பையன் சுட்டது குற்றச் செயல்தான் என்று சொல்லி, 2009இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் அந்த 2005 சட்டத்தைக் காட்டியே வழக்கைத் தள்ளியது. அங்குள்ள நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் துப்பாக்கிமேல் அதிகாரம் கிடையாது. பொம்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெறச் சொல்லலாம், நிஜத்தைச் சொல்ல முடியாது.

ஆனாலும் வழக்குகளுக்குப் பலன் இருந்ததை மறுக்க முடியாது. ரூகர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியின் பழைய ரிவால்வரில் சுத்தியல், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசிமேல் நேரே உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் போதும், வெடிக்கும். விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறையில் ஐந்தில்தான் தோட்டா போட்டு, சுத்தியலுக்கு நேரே உள்ளதைக் காலியாக விடுவார்கள். 1973இல் கம்பெனி நடுவே ஒரு பட்டையை வைத்தது. விசையை இழுத்தால்தான் அது மேலே வந்து சுத்தியலின் அடியை ஊசிக்குக் கொண்டுபோகும். பழைய மாடலில் காயம்பட்டவர் போட்ட வழக்கு 1979இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982இல் பழையவற்றுக்கும் இலவசமாக அந்தப் பட்டையைப் பொருத்தித் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. ஒரு சின்ன இரும்புத் துண்டுதான்!

நம் நாட்டில் துப்பாக்கிக்கு என்று அப்படியொரு தனிக் கவசத்தைச் சட்டம் தரவில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 84ஆம் பிரிவு தயாரிப்புக் குறை, வடிவமைப்புக் குறை, போதிய எச்சரிக்கை தராதது எல்லாவற்றுக்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. இழப்பீடு எவ்வளவு கேட்டாலும், எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்பதைப் பொருளுக்குக் கொடுத்த விலைதான் தீர்மானிக்கும்; துப்பாக்கியின் விலை மாவட்ட ஆணையத்தின் வரம்புக்குள்தான் இருக்கும். அதனால் துப்பாக்கி வழக்கைத் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. வாசலில் நுழைவதற்கு நம் சட்டம்தான் மேல் என்பேன்.

குறையும் உண்டு. விசை இலகுவாக இருக்கட்டும் என்று பட்டறையில் ராவியிருந்தால் விற்றவர்மேல் வழக்கு நிற்காது. தயாரித்தவரின் வக்கீலும் முதலில் அதைத்தான் பிடிப்பார். திருட்டுத்தனமாகச் செய்த நாட்டுத் துப்பாக்கி என்றால் யார்மேல் போடுவது?

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, விற்கும் முன்பே சோதிப்பது. 2001 முதல் கலிபோர்னியாவில் கீழே போட்டுப் பார்த்து வெடிக்காத கைத்துப்பாக்கியைத்தான் கடையில் புதிதாக விற்கலாம். நமக்கும் இது புதிதல்ல. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவர்களுக்காக 1983இலேயே தனிச் சட்டம் போட்டு, செய்பவர் உரிமம் வாங்கவேண்டும், பாதுகாப்புத் தரத்தோடு செய்யவேண்டும் என்று வைத்தோம். களத்து மிஷினுக்குக் கேட்டதைத் துப்பாக்கிக்கும் கேட்கவேண்டும்.

அதுவரை நுகர்வோர் வழக்குதான் கைவசம் உள்ளது. விபத்து நடந்ததும் போலீஸ் துப்பாக்கியைக் கைப்பற்றிவிடும். போலீஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம்தான் கெடு. பில், உரிம நகல், தடயவியல் அறிக்கையின் நகல் மூன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு, கோளாறை ஆய்வகத்தில் சோதிக்க நுகர்வோர் ஆணையத்திடமே மனுப் போடுங்கள்.