பத்து நாள் ஊசி: பாளையங்கோட்டைக்குப் போய் வந்த அனுபவம்

ஐந்து வாரம் அம்மாவோடு சும்மா இருந்துவிட்டு வரலாம் என்றுதான் இந்தத் தடவை ஊருக்குப் போனேன். நெதர்லாந்தில் ஐந்தோவனில் இருக்கிறோம், அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறாள், 68 வயது, சர்க்கரை உண்டு. நான் போய் இறங்கிய இரண்டாம் நாள் ராத்திரி அவளுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டு கட்டிலே ஆடியது. காய்ச்சல் 103. வலது பக்கம் விலாவுக்குக் கீழே, முதுகில் கை வைத்தாலே அலறினாள். சாதாரண ஆன்டிபயாடிக்குக் கேட்காத கிருமியால் வந்த சிறுநீர்த் தொற்று அது. அதற்கப்புறம் இரண்டு வாரம் மருந்துக்கடை, கிளினிக், லேப், ஆஸ்பத்திரி என்று அலைந்ததில் பார்த்ததை எழுதுகிறேன். வயதான அப்பா அம்மாவை ஊரில் வைத்துவிட்டு வெளியே இருப்பவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் அம்மா மறைத்த விஷயம். எட்டு மாதமாக நான்கு தடவை நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. போனில் தினமும் பேசுகிறோம், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் "சூடுதாம்ட்டி, பொம்பளைக்கு வாரதுதானே, இதப் போயி கடல் தாண்டி இருக்கவகிட்டச் சொல்லவா" என்கிறாள். இளநீர், வெந்தயம், அதிலும் அடங்காவிட்டால் தெருமுனை மெடிக்கலில் மாத்திரை. பீரோ இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். சிப்ரோஃபிளாக்சசின் அட்டையில் நாலு மாத்திரை மிச்சம், செஃபிக்சிம் இரண்டு அட்டை, ஒன்றில் பாதி, ஆஃப்லாக்சசின் ஒன்று, எல்லாமே ஆன்டிபயாடிக். எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடுவாளாம், மிச்சத்தை அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பாளாம். எல்லா அட்டையின் பின்னாலும் நெட்டுக்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதுதான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம், 2016இல் இதற்கென்றே பிரசாரம் செய்தார்கள். அம்மாவுக்கு அது தெரியாது. யாரும் சொன்னதும் இல்லை.

மருந்துக்கடை அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போன் செய்தால் பையனை சைக்கிளில் அனுப்பி மாத்திரையை வாசலில் கொடுக்கிறார், பணம் அப்புறம் வாங்கிக்கொள்கிறார், அம்மாவுக்கு எந்தச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோகும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் 2014 மார்ச் 1 முதல் ஷெட்யூல் எச்1 என்ற விதி நடப்பில் இருக்கிறது. செஃபிக்சிம் அந்தப் பட்டியலில் உண்டு. சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கேட்டேன். "டாக்டர் பீஸு முந்நூறு ரூவா கொடுக்க முடியாதவங்கதானேம்மா எங்கிட்ட வாராங்க" என்றார். அதுவும் உண்மைதான். ஆனாலும் அந்த நாலு தடவையில் ஒரு தடவையாவது "யூரின் கொடுத்துப் பாருங்க" என்று அவர் சொல்லியிருந்தால் அம்மா கட்டில் நடுங்கப் படுத்திருக்க மாட்டாள் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

மறுநாள் காலை பக்கத்துக் கிளினிக். டோக்கன் 47. டாக்டர் வயிற்றையும் முதுகையும் தட்டிப் பார்த்துவிட்டு செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடச் சொன்னார். ஊசிக்கு முன்னால் யூரின் கல்ச்சர், அதாவது கிருமியை லேபில் வளர்த்து எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் டெஸ்ட், கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அது வர மூணு நாள் ஆகும், அதுக்குள்ள காய்ச்சலே போயிரும்" என்றார். வாசலில் அவ்வளவு கூட்டம், நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்த இடத்தில் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். இரண்டு நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, வாந்தி வேறு, சர்க்கரை 340. மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து கொஞ்சம் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மாவைப் பற்றி நல்லதாக எவ்வளவு சொன்னாலும் தகும். முதலில் அவர் கேட்டது "இதுவரைக்கும் என்னென்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" நான் இழுப்பறையிலிருந்த அட்டைகளை ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன், அதை மேஜையில் கொட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இத்தனையும் சாப்பிட்டவர்கள் என்றால் சாதாரண மருந்துக்குக் கேட்காத கிருமியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். யூரின் கல்ச்சரும், இரண்டு கையிலிருந்தும் தனித்தனியாக ரத்தக் கல்ச்சரும் எடுத்த பிறகுதான் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் ஊசியை ஏற்றினார்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.4 ஏறியிருந்ததால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போடுவதை முதலில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று வைத்தார்கள்.

யூரின் பிடிக்கும் விதத்தை சிஸ்டர் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். வீட்டிலிருந்து ஏதோ ஒரு பாட்டிலில் கொண்டுவந்தால் அந்தக் கல்ச்சருக்கு மதிப்பே இல்லை. லேப் கொடுக்கும் மூடி போட்ட டப்பாவில்தான் பிடிக்க வேண்டும், முதலில் தண்ணீரால் சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் பிரிட்ஜில் வைக்க வேண்டும். யூரின் கல்ச்சருக்கு 700 ரூபாய் வாங்கினார்கள். எட்டு மாதத்தில் வாங்கிய மாத்திரைக் காசே அதற்கு மேல் இருக்கும். வசதி இல்லாதவர்களுக்கு ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, மருத்துவக் கல்லூரி என்பதால் அங்கே நுண்ணுயிரியல் துறையே தனியாக உண்டு.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. ஈ.கோலை என்ற குடல் கிருமி, மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல், ஈ.எஸ்.பி.எல். பாசிட்டிவ். கீழே மருந்துப் பட்டியல். சிப்ரோஃபிளாக்சசின் ஆர், செஃபிக்சிம் ஆர், செஃப்ட்ரியாக்சோன் ஆர், கோட்ரைமாக்சசோல் ஆர். ஆர் என்றால் கேட்காது, எஸ் என்றால் கேட்கும். அம்மா விழுங்கியதும் கிளினிக்கில் குத்திக்கொண்டதும் எல்லாமே ஆர் வரிசையில். இரண்டு நாள் ஊசி வெறும் தண்ணீர் போட்டதற்குச் சமம். ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, அதுதான் அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

ஈ.எஸ்.பி.எல். என்பது கிருமியின் பெயர் இல்லை, கிருமி சுரக்கும் ஒரு நொதி. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் எல்லாவற்றிலும் நடுவே ஒரே மாதிரி ஒரு சின்ன வளையம் இருக்கிறது, மருந்து வேலை செய்வதே அதனால்தான். இந்த நொதி அந்த வளையத்தை வெட்டிவிடும். இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், இந்த நொதியைச் செய்யத் தெரிந்த கிருமி அந்த மரபணுவைப் பக்கத்திலிருக்கும் வேறு கிருமிக்கும் கொடுத்துவிடும், தன் குட்டிகளுக்கு மட்டும் அல்ல. குடலுக்குள் கோடிக்கணக்கில் இருக்கும் கிருமிகள் நடுவே, நாம் அரைகுறையாக விழுங்கும் ஒவ்வொரு அட்டையும் நோஞ்சான்களைக் கொன்றுவிட்டு இதை மட்டும் தங்க வைக்கிறது.

அம்மா ரிப்போர்ட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "நைட்ரோஃபியூரண்டாயின் எஸ்னு போட்டிருக்கே, மாத்திரைதானே, அதக் கொடுங்க, ஊசி எதுக்கு" என்று டாக்டரம்மாவிடமே கேட்டாள். நல்ல கேள்விதான். அந்த மாத்திரை சிறுநீரில் சேருமே தவிர ரத்தத்திலும் சிறுநீரகத்துக்குள்ளும் போதுமான அளவு நிற்காது, அதனால் மூத்திரப்பையோடு நிற்கும் தொற்றுக்குத்தான் அது ஆகும், இது கிட்னிக்கு ஏறிவிட்டது என்று பொறுமையாகச் சொன்னார். ஒரே டோஸாகக் குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் பொடிக்கும் அதே கதை. அமிகாசின் என்ற இன்னொரு ஊசி கேட்கும், ஆனால் கிட்னியைப் பாதிக்கலாம், சர்க்கரைக்காரர்களுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். முதல் மாதம் எரிச்சலோடு நின்றபோதே கல்ச்சர் எடுத்திருந்தால் மாத்திரையோடு முடிந்திருக்கும்.

இடையில் ஒரு சின்னச் சிக்கல். பைப்பராசிலின் டாசோபாக்டம் என்ற ஊசிக்கும் ரிப்போர்ட்டில் எஸ் இருந்தது, விலையும் குறைவு, அதற்கு மாற்றிவிடலாமே என்று ராத்திரி டியூட்டி டாக்டர் சொன்னார். காலையில் டாக்டரம்மா வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று நான் தேடிப் படித்தேன். 2018இல் மெரினோ என்ற ஆய்வு வந்திருக்கிறது. இதே மாதிரி கிருமி ரத்தத்தில் கலந்தவர்களில் ஒரு பாதிப் பேருக்கு அந்த ஊசி, மறுபாதிக்கு மெரோபெனம். 30 நாளில் இறந்தவர்கள் முதல் குழுவில் 12.3 சதவீதம், மெரோபெனம் குழுவில் 3.7. அம்மாவுக்கு ரத்தத்தில் கலக்கவில்லைதான், ஆனாலும் அந்த எண்களைப் படித்த பிறகு விலையைப் பற்றி நான் பேசவே இல்லை.

மெரோபெனமும் கேட்காமல் போனால் என்ன என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அப்படிப்பட்டவர்களும் வருகிறார்கள் என்றார். என்.டி.எம்.-1 என்று ஒரு நொதி, மெரோபெனத்தையே வெட்டும். டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு சுவீடனுக்குத் திரும்பிய ஒருவரிடம் 2008இல் கண்டுபிடித்ததால் டெல்லியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். 2010இல் வந்த பெரிய ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. நாட்டுக்கு அவமானம் என்று அப்போது எழுந்த கோபம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் கோபத்தோடு நிற்காமல் 2012இல் நாடு முழுவதிலும் இருந்து மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று ஒரு செயல்திட்டமும் போட்டார்கள். ஈ.எஸ்.பி.எல். நொதியை மடக்கும் என்மெட்டாசோபாக்டம் என்ற மருந்தைக் கண்டுபிடித்ததும் சென்னை ஆர்கிட் பார்மாதான், செஃபெபிம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து, இதே மாதிரி சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கென்று 2024 பிப்ரவரியில் அமெரிக்காவே அனுமதி கொடுத்தது. இதைப் படித்தபோது மனசு நிறைந்துபோனது.

நான்கு நாளில் காய்ச்சல் நின்றது, கிரியாட்டினின் இறங்கியது. மீதி ஆறு நாளுக்கு மெரோபெனம் வகையைச் சேர்ந்த எர்டபெனம், ஒரு நாளைக்கு ஒரே ஊசி என்பதால் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். இந்த வீட்டுச் சேவைதான் ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது. காலை ஏழு மணிக்கு ஒரு சிஸ்டர் ஸ்கூட்டியில் வருவார், ஒரு தடவைக்கு 350 ரூபாய், கையைக் கழுவிவிட்டுத்தான் அம்மாவைத் தொடுவார். தூளை நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும், குளுக்கோஸில் கூடாது, அரை மணி நேரம் மெதுவாக ஏற வேண்டும். மருந்து விலையில் மட்டும் கவனம் வேண்டும், ஒரே அளவு மருந்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம், மூன்று கடையில் கேட்டுத்தான் வாங்கினேன். ஆஸ்பத்திரி மருந்துக்கடையிலேயே வாங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

குறை என்றால் வார்டு. டாக்டரம்மா ஒவ்வொரு கட்டிலுக்கும் கைகழுவும் திரவம் போட்டுக்கொண்டு போகிறார், பின்னாலேயே வரும் உதவியாளர் ஒரே கையுறையோடு மூன்று நோயாளிகளின் யூரின் பையைக் காலி செய்கிறார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒரு கட்டிலில் உட்கார்ந்து எழுந்து அடுத்த கட்டிலில் விசாரிக்கிறார்கள். நான் நேராகப் போய் நர்ஸ் மேற்பார்வையாளரிடம் சொன்னேன், மறுநாள் கையுறை மாற்றினார்கள், அதற்கு மறுநாள் பழையபடி ஆனது. மெரோபெனம் வாங்கக் காசு இருக்கிற இடத்தில் கையுறைக்கும் இருக்க வேண்டும்.

அப்புறம் நம்மைப் பற்றி. நெதர்லாந்தில் குடும்ப டாக்டர் பாராசிட்டமால் தவிர ஒன்றும் தரமாட்டார் என்று நம் ஆட்கள் எல்லோரும் புலம்புவோம், அதனால் ஊரிலிருந்து திரும்பும்போது அசித்ரோமைசின் அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருவோம். நானும் ஆறு வருடமாகச் செய்தேன். ஐரோப்பாவிலேயே ஆன்டிபயாடிக் மிகக் குறைவாகச் சாப்பிடும் நாடுகளில் அது ஒன்று, ஊரில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டுப் போனால் அங்கே சேர்க்கும்போது தனி அறையில் வைத்து, பஞ்சுக்குச்சியால் மாதிரி (ஸ்வாப்) எடுத்து, ரிசல்ட் வந்த பிறகுதான் மற்றவர்களோடு விடுகிறார்கள். இதை அவமதிப்பாக நினைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்டுப் பயணிகளையே வைத்து 2017இல் வந்த ஆய்வைப் பாருங்கள். தெற்காசியா போய்த் திரும்பியவர்களில் நான்கில் மூன்று பேர் ஈ.எஸ்.பி.எல். கிருமியைக் குடலில் சுமந்து திரும்பியிருக்கிறார்கள், எந்த நோயும் இல்லாமல். பயணத்தின்போது ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் தானாகப் போய்விடுகிறது, பத்தில் ஒருவருக்கு ஒரு வருடம் கழித்தும் இருக்கிறது. இந்தத் தடவை பெட்டியில் ஒரு அட்டை கூட வைக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் டாக்டரம்மாவைப் பார்த்தோம். சரியாகிவிட்டதா என்று உறுதிசெய்ய இன்னொரு கல்ச்சர் எடுக்கலாமா என்று நானே கேட்டேன். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் வேண்டாம், வயதானவர்களுக்குத் தொந்தரவு இல்லாமலே யூரினில் கிருமி இருக்கும், ரிப்போர்ட்டைப் பார்த்து மறுபடி மருந்து கொடுத்தால் திரும்ப இதே இடத்துக்குத்தான் வருவோம் என்றார். திரும்பத் திரும்ப ஏன் வருகிறது என்று பார்க்க ஸ்கேன் மட்டும் எழுதிக்கொடுத்தார், யூரின் முழுவதும் வெளியேறுகிறதா என்று அதில் தெரியுமாம். அடுத்த மாதம் தேதி கிடைத்திருக்கிறது, சித்தி கூடப் போகிறாள். ரிப்போர்ட்டை லேமினேட் செய்து அம்மாவின் சர்க்கரை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். நேற்று போனில் கேட்டேன், "ஒண்ணுமில்லட்டி, நல்லாருக்கேன். இருந்தாச் சொல்லுதேன்" என்றாள்.