சில்வர் அரோவானாவுக்கு சிமென்ட் தொட்டி: சில வருடம் ஓடிய பிறகு தெரிவது

சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் விரல் நீளக் குஞ்சாகப் பையில் கட்டித் தரும் சில்வர் அரோவானா, ஒழுங்காகத் தீனி விழுந்தால் முதல் வருடத்திலேயே ஓர் அடியைத் தொட்டுவிடும். வளர்ந்து முடிக்கும்போது இரண்டடிக்கு மேல். நான்கடி கண்ணாடித் தொட்டியில் அந்த உடம்புக்குத் திரும்பவே இடமிருக்காது. அப்போதுதான் வீட்டோரம் ஒரு தொட்டி கட்டிவிடலாமா என்ற யோசனை வருகிறது. கட்டலாம், நல்ல முடிவுதான். ஆனால் சில வருடம் ஓட்டிப் பார்த்தால், மீனால் வரும் தொல்லை குறைவு என்பதும், ஆளைப் படுத்துவது குழாயும் மூடியும்தான் என்பதும் தெரிந்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் சென்னை வெயிலில், தரைத்தளத்தில், 10 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி உயரம் வைத்துக் கட்டிய சிமென்ட் தொட்டியை வைத்து. தண்ணீர் இரண்டரை அடிதான் நிற்கும். கிட்டத்தட்ட 3,500 லிட்டர். மேலே விடும் அரையடி வீண் இல்லை, மீன் துள்ளாமல் இருக்க அது வேண்டும். நீளத்தைவிட அகலத்தில்தான் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. அகலம் குறைந்தால் மீன் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மூக்கும் மீசையும் சுவரில் உரசும். உள்மூலைகளைப் பூசும்போதே வளைவாக்கிவிட வேண்டும்.

மொட்டை மாடியில் கட்டும் ஆசை இருந்தால் முதலில் கணக்கைப் பாருங்கள். இரண்டரை அடித் தண்ணீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 760 கிலோ. நடமாடும் மாடித் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஐந்து மடங்கு. கொத்தனார் "தாங்கும் சார்" என்று சொல்வதை இதில் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

புதுச் சிமென்ட் சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருக்கும்; முதல் தண்ணீரில் பிஎச் 10-ஐத் தாண்டும். நிரப்பி நாலைந்து நாள் வைத்துக் கொட்டி, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்ப வேண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பது நம் ஊர்ப் பழக்கம். செய்யலாம், ஆனால் பிஎச் பார்க்காமல் அதை மட்டும் நம்பி மீனை விடக்கூடாது. குடிநீர்த் தொட்டிக்கு அடிக்கும் எபாக்சி பூச்சு இரண்டு கோட் அடித்துவிட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீரும். பூச்சு முழுக்கக் காயும்வரை பொறுக்க வேண்டும். வாசனை இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

தரை நடுப்பக்கமாக இரண்டங்குலம் சரிய, அங்கே ஒரு பாட்டம் டிரெய்ன். அதிலிருந்து 110 மி.மீ. பிவிசி குழாய் பக்கத்திலுள்ள ஃபில்டர் அறைக்கு. மூன்று அறை போதும்: முதலாவதில் கசடு படியும், இரண்டாவதில் பிரஷ்ஷும் ஜாப் மேட்டும் (அழுக்கை வடிக்கும் சொரசொரப்பான நார்ப் பாய்), மூன்றாவதில் நல்ல பாக்டீரியா குடியிருக்கும் பயோ மீடியாவும் மோட்டாரும். மோட்டார் மணிக்கு 5,000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. நாலடி ஏற்றி, இரண்டு எல்போ திருப்பினால் அது 3,500-க்கு இறங்கிவிடும். அதாவது மொத்தத் தண்ணீரும் மணிக்கு ஒருமுறை சுற்றும். அரோவானாவுக்கு அது சரி.

தொட்டியைக் காலி செய்யும் தவறு இந்த அமைப்பில்தான் ஒளிந்திருக்கிறது. தொட்டியின் அடியிலிருந்து ஃபில்டருக்கு வருவதால் இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாகவே இறங்கும். மோட்டாரிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் ஹோஸ் ஒரு ராத்திரி கிளிப்பிலிருந்து கழன்றுவிட்டால், மோட்டார் மொத்தத் தொட்டியையும் தோட்டத்தில் இறைத்துவிடும். விடிந்து பார்த்தால் மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். மோட்டாரை அறையின் தரையில் வைக்காமல், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கல்மேடை கட்டி அதன்மேல் வைத்தால் என்ன கழன்றாலும் தொட்டியில் ஒன்றரை அடித் தண்ணீர் நிற்கும். கூடவே நீர்மட்டம் இறங்கினால் தானே அணைக்கும் ஒரு ஃபுளோட் சுவிட்சும் போட்டால் மோட்டார் காற்றை இழுத்துக் கருகாமல் தப்பும். ஆவியாகும்போதும் தொட்டியிலும் அறைகளிலும் மட்டம் சேர்ந்தே இறங்கும். மே மாதத்தில் மோட்டார் இருக்கும் அறையைத் தினம் எட்டிப் பார்க்க வேண்டும்.

மூடி. அமேசான் காட்டு வெள்ளத்தில், நீருக்கு மேலே தொங்கும் கிளையிலிருக்கும் பூச்சியை எகிறிப் பிடிக்கிற மீன் இது. ஆளுயரத்துக்குத் துள்ளக்கூடியது. தரையில் விழுந்தால் பூனையோ காக்கையோ பார்த்துக்கொள்ளும். இரும்புக் கம்பி வலை வேண்டாம், செதில் பெயர்ந்துவிடும். ஜிஐ குழாயில் சட்டம் அடித்து, மென்மையான நைலான் வலையை நீர்மட்டத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் இழுத்துக் கட்டினால் மோதினாலும் காயம் ஆகாது. வலை தொய்ந்தால் மீன் அதில் சிக்கிக்கொள்ளும். வெயிலில் நைலான் நைந்துபோகும் என்பதால் விரலால் இழுத்துப் பார்த்து, பிசிறு வந்ததும் மாற்றிவிட வேண்டும். பெரும்பாலான துள்ளல்கள் புது இடத்துக்கு வந்த முதல் சில வாரங்களிலும், ராத்திரி திடீரென்று லைட் போடும்போதும்தான். தொட்டிப் பக்கம் ஒரு சின்ன விளக்கு விடிய விடிய எரிந்தால் பாதிப் பிரச்சினை குறையும். வலைக்கு மேலே வெயிலை 75 சதவீதம் மறைக்கும் ஷேட் நெட் கட்டுவது பாசிக்கும், சூட்டுக்கும், மீன்கொத்திக்கும் சேர்த்து ஒரே மருந்து.

தண்ணீர் விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு இரண்டு பாடு. மெட்ரோ வாட்டரில் குளோரின், போரில் உப்பு. வாரம் 700 லிட்டர் மாற்றினால் போதும்; அதை ஒரு சின்டெக்ஸில் பிடித்து, 1,000 லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் சோடியம் தயோசல்ஃபேட் கரைத்து, காற்றுக் கல் ஓடவிட்டு, பிறகு விடலாம். குழாயை நேரடியாகத் தொட்டிக்குள் திறந்துவிட்டுப் போன் பேசப் போவதால் செத்த மீன்கள், நோயால் செத்தவற்றைவிட அதிகம் என்றுகூடத் தோன்றும். போர் தண்ணீரின் கடினத்தைச் சில்வர் பழகிக்கொள்ளும். பிஎச் 8 வரை சமாளிக்கும். சிக்கல் வேறு இடத்தில். 30 டிகிரி சூட்டில் பிஎச் 7 உள்ள தண்ணீரில் மீன் கழிவால் சேரும் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே சூட்டில் பிஎச் 8 ஆனால் ஏழெட்டுப் பங்கு. அதனால் போர் தண்ணீர் வைத்திருப்பவர் ஃபில்டர் பழுக்கும்முன், அதாவது அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் வளரும்முன், மீனை விடுவது பெரிய ஆபத்து. நாலிலிருந்து ஆறு வாரம், அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டும்வரை, பொறுக்க வேண்டும். ஜாப் மேட்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவது அந்த உழைப்பு முழுவதையும் சாக்கடையில் கொட்டுவது. தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். வெளியே வரும் கசட்டுத் தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் நன்றாக ஏறும்.

கரண்ட் போனால் இன்வர்ட்டரில் மோட்டாரை மாட்டாமல் 35 வாட் ஏர் பம்பை மட்டும் மாட்டினால் ராத்திரி தாக்குப்பிடிக்கும். ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் ஓடாத ஃபில்டரில் தண்ணீர் அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் அந்த அழுக்கு மொத்தமும் தொட்டிக்குள் போகும். அறைகளை முதலில் காலி செய்துவிட்டு ஓட விடுங்கள். புயலும் வடகிழக்கு மழையும் வரும் மாதங்களுக்கு இது முக்கியம். அதே மாதங்களில் மழை நீர் நேரடியாக விழாமல் பார்க்க வேண்டும், விளிம்புக்குக் கீழே அரையடியில் வலை போட்ட ஓவர்ஃபுளோ குழாயும் வேண்டும். 60 வாட் மோட்டாரும் ஏர் பம்பும் சேர்த்து இரண்டு மாத பில்லில் சுமார் 140 யூனிட் ஏறும். அந்த 140 அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். 3,500 லிட்டரை ஒரு டிகிரி ஏற்றவே நாலு யூனிட் கரண்ட் வேண்டும். 300 வாட் ஹீட்டர் பதிமூன்று மணி நேரம் எரிந்தால்தான் அது நடக்கும், அதுவும் சூடு எதுவும் வெளியேறாமல் இருந்தால். ராத்திரி மேலே ஒரு தார்ப்பாய், தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே போனால் தீனியைப் பாதியாக்குவது, சென்னைக்கு அவ்வளவு போதும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் இந்த மீனை வெளித்தொட்டியில் நினைக்கவே வேண்டாம்.

குஞ்சை நேராகப் பெரிய தொட்டியில் விடக்கூடாது. தின்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஓர் அடி ஆகும்வரை கண்ணாடித் தொட்டி, பிறகு பெரிய பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு தூக்கி மாற்றுவது. வலையால் அள்ளினால் செதில் போகும். தீனிக்கு மிதக்கும் பெல்லட், ஓடும் தலைமுள்ளும் நீக்கிய இறால், அவ்வப்போது வெட்டுக்கிளி. வீட்டில் பிடித்த கரப்பான் வேண்டாம், எந்த ஸ்பிரே பட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும். உயிர் மீன் போடுவது நங்கூரப்புழு என்ற ஒட்டுண்ணியைக் கூப்பிட்டு வைப்பது போல. புது இடத்தில் சில நாள் பட்டினி கிடந்தால் பதறத் தேவையில்லை. கூட விடும் மீன்களில் டின்ஃபாயில் பார்ப் பரவாயில்லை. கண்ணாடி துடைக்கும் என்று, பாசி உறிஞ்சும் பிளெக்கோ மீனை மட்டும் விடாதீர்கள், ராத்திரியில் அரோவானாவின் உடம்பை உறிஞ்சும். பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விடும் வழக்கத்தால் அது ஏற்கெனவே நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. கசடு அறையில் கொசுப்புழு வரும். அங்கே நாலு கப்பி விட்டால் மாநகராட்சி ஆள் வந்தாலும் கவலையில்லை.

சிவப்பு, தங்க நிற ஆசிய அரோவானா வைப்பதாக இருந்தால் சட்டம் வேறு. அது அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கும் மீன். 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்கும் 2024 விதிகளுக்கும் பிறகு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யாமல் வைத்திருக்க முடியாது. சில்வருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆனால் சில்வரை மேலிருந்து பார்த்தால் ஒரு சாம்பல் முதுகு மட்டும்தான். அழகு முழுக்கப் பக்கவாட்டில். கோய் போல மேலிருந்து ரசிக்க நினைத்தால் ஏமாற்றம்தான். நீளச் சுவர் ஒன்றில் நாலடிக்கு இரண்டடி ஜன்னல் விட்டு 12 மி.மீ. கண்ணாடி பதிப்பது கட்டும்போதே செய்ய வேண்டிய வேலை, பிறகு உடைத்து வைக்க முடியாது. அது வடக்குப் பார்த்த சுவராக இருக்கட்டும். மேற்கு என்றால் சாயங்கால வெயிலில் கண்ணாடி முழுக்கப் பாசி கட்டும்.