அசிட் பேஸை அடக்கப் பார்த்த ஈக்யூ: இரண்டு வருட அனுபவம்

ஒலியைத் தானே கேட்டுத் தானே திருத்தும் ஸ்மார்ட் ஈக்யூ (ஈக்வலைசர், ஒலியின் அதிர்வெண்களைத் தனித்தனியே ஏற்றி இறக்குவது) பிளக்இன்களோடு, அதாவது இசை மென்பொருளில் செருகும் துணை மென்பொருள்களோடு, இரண்டு வருடமாகப் புழங்குகிறேன். செய்வது டெக்னோ, கொஞ்சம் ஹவுஸ். எல்லாம் வீட்டு அறையில்தான். வாங்கிய புதிதில் கிக் டிரம், ஹை-ஹேட் சிம்பல், பேட் (பின்னணியில் நீளும் சின்த் ஒலி), மாஸ்டர் (எல்லா ஒலியும் சேரும் கடைசித் தடம்) என்று கண்ட இடத்திலெல்லாம் ஒன்றைப் போட்டேன். ராத்திரி கேட்டபோது பளிச்சென்று இருந்தது. காலையில் கேட்டால், இஸ்திரி போட்ட மாதிரி எல்லாமே தட்டை.

ஒரு வகை பிளக்இன், சில விநாடிகள் கேட்டுவிட்டுத் தன்னிடமுள்ள மாதிரி வளைவோடு ஒப்பிட்டு ஈக்யூ போடும். சூத் 2 போன்ற இன்னொரு வகை, பாட்டு ஓடும்போதே துருத்தும் அதிர்வெண்களை அமுக்கிக்கொண்டே போகும்.

இந்த இரண்டாவது வகை ஒன்றை அசிட் பேஸில் (நெளிந்து கத்தும் சின்த் பேஸ்) போட்டதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். 1981-இல் வந்த ரோலண்ட் டிபி-303 பேஸ் சின்தசைசர் காலத்திலிருந்தே அந்த ஒலிக்கு உயிர் ஃபில்டர் ரெசோனன்ஸ்தான், அதாவது ஃபில்டர் ஒலியை வெட்டும் இடத்தில் (கட்ஆஃப்) அதைக் கூர்மையாகத் தூக்குவது. கட்ஆஃபைத் திருப்பத் திருப்ப ஒரு கூர்முனை ஏறிக் கத்த வேண்டும். பிளக்இன் அதைத் துரத்தித் துரத்தி அமுக்கியது. அது தெரியாமல் அரை மணி நேரம் சின்தில் ரெசோனன்ஸை ஏற்றிக்கொண்டே இருந்தேன். தற்செயலாக பைபாஸைத் (பிளக்இனைத் தாண்டி ஒலியை அப்படியே விடும் பொத்தான்) தட்டியதும் காது கிழிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி வீசாத குறை. நாம் வேண்டுமென்றே வைத்த கூர்மைக்கும் தானாக வந்துவிட்ட கரகரப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

இன்னொரு பாடம்: கிக் இல்லாமல் பாட்டு அடங்கும் பிரேக்டவுனில், முதல் வகை பிளக்இனைப் பேடைக் கேட்டுக் கற்கவிட்டேன். 250 ஹெர்ட்ஸ் பக்கம் தாராளமாக விட்டுவைத்தது. எல்லாம் திரும்பி வரும் டிராப் வந்ததும் பேடும் பேஸும் முட்டிக்கொண்டன. இப்போதெல்லாம் பாட்டின் நெரிசலான இடத்தில்தான் கற்கவிடுகிறேன். சப் பேஸில் (மிக ஆழமான அடி பேஸ்) போடுவதே இல்லை. 45 ஹெர்ட்ஸ் சைன் அலையில் இல்லாத ட்ரெபிளைத் தேடி, வெறும் இரைச்சலைத் தூக்கிக் கொடுத்தது. கிக்கும் பேஸும் மோதினால் சைடுசெயின் (கிக் அடிக்கும்போதெல்லாம் பேஸைத் தானாகக் குறைப்பது) போடுவேன், இல்லையென்றால் பேஸின் சுரத்தையே மாற்றிவிடுவேன்.

சரி, அப்புறம் ஏன் வைத்திருக்கிறேன்? ரிவெர்ப் (அறை எதிரொலி) ஊறிய சூப்பர்சா (பல சாடூத் அலைகளை அடுக்கிய) பேடுகளுக்காகவும் வெட்டி ஒட்டிய குரல் சாம்பிள்களுக்காகவும்தான். மூன்று மணி நேரம் மிக்ஸ் செய்தபின் 3 கிலோஹெர்ட்ஸ் உறுத்தல் என் காதுக்குப் பழகிவிடும், பிளக்இனுக்குப் பழகாது. அளவை 30 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. அவுட்புட் சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவதும் இல்லை. ஒரு டெசிபல் கூடினாலே நல்லா இருக்கிற மாதிரிதான் தோன்றும். கீபோர்டு வாசித்துப் பதிவு செய்யும்போது அணைத்துவிடுவேன், அது உண்டாக்கும் தாமதம் தாங்காது.

மாஸ்டரில் இன்னும் ஒன்று பைபாஸில் கிடக்கிறது. முடிக்கும் முன் அது என்ன வளைவு போடுகிறது என்று மட்டும் எட்டிப் பார்ப்பேன். போன வாரம் 120 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறைத்துக் காட்டியது. நான் உட்காரும் இடத்தில் 120 சரியாகக் கேட்காது. கேட்கவில்லையே என்று நானே ஏற்றிவைத்திருந்தேன்.