ஹன்லியும் ஹாலண்ட் 1-உம்: எட்டுப் பேர் ஏறிய இரண்டு நீர்மூழ்கிகள்

இரண்டிலும் எட்டுப் பேர்தான். ஆனால் ஹன்லியில் இயந்திரமே கிடையாது. ஏழு பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்து கையால் தண்டைச் சுற்றினால்தான் நகரும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படகு அது. சோதனைகளிலேயே இரண்டு முறை மூழ்கி 13 பேரைக் கொன்றது. அப்புறமும் ஆட்கள் ஏறினார்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது. 1864 பிப்ரவரி 17 இரவு, சார்ல்ஸ்டன் அருகே ஹவுசடானிக் என்ற வடமாநிலப் போர்க்கப்பலை மூழ்கடித்தது; தானும் திரும்பவில்லை.

1901-இல் பிரிட்டன் கடலில் இறக்கிய ஹாலண்ட் 1-இல் பெட்ரோல் எஞ்சின், பேட்டரி இரண்டும் இருந்தன. அது போரையே பார்க்கவில்லை. 1913-இல் பழைய இரும்புக்கு விற்று இழுத்துப்போகும் வழியில் மூழ்கியது.

ஹாலண்ட் 1-ஐ 1982-இல் மீட்டார்கள். இங்கிலாந்தின் காஸ்போர்ட் நகர அருங்காட்சியகத்தில் அதன் உள்ளேயே போய்ப் பார்க்கலாம். தொழில்நுட்பம் புரிய வேண்டுமானால் அதுதான் சரி.

என் மனம் ஹன்லி பக்கம்தான். 2000-இல் அதைத் தூக்கியபோது தளபதி டிக்சனின் தங்கக் காசும் உள்ளே இருந்தது. அதே உள்நாட்டுப் போரின் ஷைலோ சண்டையில் குண்டைத் தாங்கி வளைந்த காசு. அதில் ‘என் உயிர் காத்தது’ என்று பொறித்து வைத்திருந்தார்.