காயக் கணக்கு: ஐஎஸ்எஸ்ஸா, என்ஐஎஸ்எஸ்ஸா?

அவிநாசி ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு காயத்துக்கும் கடுமையைப் பொறுத்து 1 முதல் 6 வரை மதிப்பெண் உண்டு: மண்டைக்குள் ரத்தக்கட்டுக்கு 4, மூளையில் கன்றிய காயத்துக்கு 3, முன்கை எலும்பு முறிவுக்கு 2.

காயங்களின் மொத்தக் கடுமையை ஒரே எண்ணாகச் சொல்லும், 1974-இல் வந்த ஐஎஸ்எஸ் (Injury Severity Score) உடலை ஆறு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரே காயத்தைத்தான் எடுக்கும். மோசமான மூன்று பகுதிகளின் மதிப்பெண் வர்க்கங்களைக் கூட்டும். இவருக்குத் தலையும் கையும் மட்டும்: 16+4=20. மூளையின் இரண்டாவது காயம் கணக்கிலேயே வராது. 1997-இன் என்ஐஎஸ்எஸ் (புதிய ஐஎஸ்எஸ்) பகுதி பார்க்காமல் மோசமான மூன்று காயங்களை எடுக்கும்: 16+9+4=29. தலையில் பல அடி பட்டவருக்கு இதுதான் சரி. பழைய பதிவேட்டோடு ஒப்பிட ஐஎஸ்எஸ்ஸையும் போட்டு வையுங்கள்.

இரண்டிலும் உச்சம் 75. சிடி ஸ்கேன் முழுதாக வருமுன் போட்டால் இரண்டுமே குறைத்துக் காட்டும். வயது, ரத்த அழுத்தம், நினைவுநிலை இரண்டிலும் கிடையாது. எழுபது வயதுக்காரரின் 20-ம் இளவட்டத்தின் 20-ம் ஒன்றா என்ன? பிழைப்பாரா என்று கணிக்க அவற்றையும் சேர்க்கும் ட்ரிஸ் கணக்கு வேண்டும்.