ஐயர் வெள்ளிவிழாவுக்குச் சமைத்த பாளையங்கோட்டை சமையல் குழு

எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் சேகரகுரு (சபையின் பாதிரியார், நாங்கள் ஐயர் என்போம்) குருப்பட்டம் பெற்று 25 வருடம் நிறைவானதற்கு, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு அசனம், அதாவது சபையார் எல்லோருக்கும் பொது விருந்து, வைத்தோம். 600 பேர். திருநெல்வேலிப் பக்கம் அசனம் என்றால் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, சாம்பார், ரசம், இதில் எது குறைந்தாலும் வருடக்கணக்கில் பேச்சு வரும் என்பதால் கமிட்டியில் எல்லோருக்கும் பயம்தான்.

மாஸ்டர் முதல்நாள் சாயங்காலமே வந்து ஆலய வளாகத்தில் அடுப்பு போட்டுவிட்டார். 60 கிலோ அரிசி, 75 கிலோ கறி என்று அவர் சொன்ன கணக்கு அப்படியே சரியாக வந்தது. மசாலாவை அங்கேயே வறுத்து அரைத்தார்கள், விடியற்காலை நாலு மணிக்குத் தேங்காயும் சீரகமும் வதங்கிய வாசம் பெல் டவர் வரைக்கும் வந்தது. கறி பஞ்சு மாதிரி வெந்திருந்தது, ஆனால் உடையவில்லை.

குறை என்றால் பரிமாற ஆள் போதவில்லை. இரண்டாம் பந்தியில் ரசம் வர ரொம்ப நேரமானது, கடைசியில் வாலிபர் சங்கப் பையன்கள்தான் வாளியைத் தூக்கினார்கள். பரிமாறும் ஆட்களின் எண்ணிக்கையை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து ஐயரும் அவர் மனைவியும் ஜனங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஐயர் இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கியதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வருகிற அறுப்பின் பண்டிகைக்கும் இவர்களுக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.